அடுக்கு ஜெல்லியில் அடுக்குகள் ஏன் கழன்று வருகின்றன? ஜெலட்டின் நல்லதா, கடல்பாசியா?

மகளின் பிறந்தநாளுக்கு ஐந்து வண்ணத்தில் அடுக்கு ஜெல்லி செய்ய ஆசை, போன தடவை வெட்டும்போது அடுக்குகள் தனித்தனியாகக் கழன்று வந்துவிட்டன, எதில் செய்வது, எந்தப் பாத்திரத்தில் ஊற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். சாதாரணமாக நான் இந்தத் தளத்தில் படிப்பதோடு சரி. ‘கழன்று வந்துவிட்டன’ என்ற சொல்லைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் ஒன்று. நான் கேட்டரிங் படித்தவள் இல்லை. நாகூரில் பிறந்து, கல்யாணமாகி இருபத்தைந்து வருடமாகச் சென்னையில் இருக்கிறேன். நோன்பு மாதம் முழுக்க வீட்டில் கடல்பாசி (அகர் அகர், சைனா கிராஸ் என்பார்களே, அதுதான்) காய்ச்சுகிறவள், அவ்வளவுதான். இதைவிட நல்ல முறை தெரிந்தவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். அவர்கள் தனியாகப் பதில் எழுதட்டும், எனக்குக் கீழே வந்து பாடம் எடுக்க வேண்டாம்.

நீங்கள் போன தடவை செய்தது கடல்பாசியில்தான் என்று நினைக்கிறேன். ஜெலட்டினாக இருந்தால் பெரும்பாலும் கழன்றிருக்காது, ஒன்றோடொன்று கலந்து சேற்று நிறத்தில் நின்றிருக்கும். ஏதோ ஒரு வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து, ஒவ்வொரு அடுக்கையும் ஃப்ரிட்ஜில் நன்றாக உறையவிட்டு அடுத்ததை ஊற்றியிருப்பீர்கள். வெட்டும் நேரம் பார்த்து மாமியார் வீட்டு ஆட்களும் பக்கத்தில் நின்றிருப்பார்கள். எப்படித் தெரியும் என்கிறீர்களா? எனக்கு நடந்தது அதுதான்.

2019 ஜூன் மாதம் வந்த நோன்புப் பெருநாள். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் தலைவிரித்தாடிய சமயம். எங்கள் அடுக்ககத்தில் லாரித் தண்ணீரை அளந்து அளந்து விட்டார்கள். அந்த நேரத்தில் போய் நான் ஏழு வண்ணத்தில் கடல்பாசி செய்வதாக அறிவித்துவிட்டேன். ஏழு வண்ணம் என்றால் ஏழு சட்டி கழுவ வேண்டும் என்பது அறிவிக்கும்போது தோன்றவில்லை. பக்கத்து வீடுகள், அவருடைய ஆபீஸ் நண்பர்கள், என் நாத்தனார் குடும்பம் என்று முப்பது பேருக்கு மேல். உம்மா செய்கிற ரோஸும் வெள்ளையும் போதாதா என்று யாராவது அன்று தடுத்திருக்கலாம். யாரும் தடுக்கவில்லை.

வீடியோவில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வானவில் மாதிரி செய்து காட்டினார். ஒவ்வொரு அடுக்கும் முழுசாக உறைய வேண்டும், அடுத்ததை நன்றாக ஆறவைத்துத்தான் ஊற்ற வேண்டும் என்று அழுத்திச் சொன்னார். அவர் பயன்படுத்தியது ஜெலட்டின். நான் வைத்திருந்தது கடல்பாசி. ஜெலட்டினுக்குப் பதிலாகக் கடல்பாசி போடலாம் என்று எங்கேயோ படித்திருந்தேன். போடலாம்தான். அதே விதியில் போடக் கூடாது என்பதை யாரும் எழுதவில்லை.

பிறை தெரிந்த ராத்திரி ஆரம்பித்தேன். ஆறவைத்தால் கடல்பாசி சட்டியிலேயே கட்டியாகிறது. மறுபடி காய்ச்சுவேன், மறுபடி ஆறவைப்பேன், கட்டி கட்டியாக ஊற்றுவேன், ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைப்பேன். ஸஹருக்கு (நோன்பு வைக்க விடியுமுன் சாப்பிடும் சாப்பாட்டுக்கு) எழுந்து எழுந்து பழகிய கண் என்பதால் விடிய விடிய தாக்குப்பிடித்தது. காலையில் தட்டைப் பார்க்க அப்படி ஓர் அழகு! தொழுகை முடிந்து எல்லாரும் வந்த பிறகு, கூடத்தின் நடுவில் வைத்து டைமண்ட் வடிவில் கத்தி போட்டேன். முதல் துண்டைத் தூக்கினேன். மேலே இருந்த நாலு அடுக்கும் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்து மேஜையில் விழுந்தன. எதிர்வீட்டுப் பையன், “ஆன்ட்டி, இதை ஒவ்வொண்ணா பிரிச்சுத்தான் சாப்பிடணுமா?” என்று நல்ல மனசோடுதான் கேட்டான். அதுகூட வலிக்கவில்லை. நாத்தனார் ஒரு துண்டை எடுத்துக்கொண்டே, “நாகூர்க்காரிக்குக் கடல்பாசி வரலையா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். (கணவரைச் சொல்கிறேன். பிறகு தனியாகப் பேசிக்கொண்டோம்.)

சாயங்காலம் உம்மாவுக்குப் போன் செய்து அழாத குறையாகச் சொன்னேன். உம்மா கேட்டது ஒரே கேள்வி: “காயவிட்டுட்டியா?”

நான் விழித்தேன்.

“ஈரம் இருக்கையிலேயே ஒட்டணும்மா. கொத்தனார் ரெண்டாம் பூச்சு பூசறதுக்கு முன்னாடி சுவத்தக் கீறி, தண்ணி அடிச்சு விடுவாரா இல்லையா? நீ ஐஸ் பெட்டியில வச்சு, வழுவழுன்னு பளிங்காட்டம் ஆக்கிட்டு மேல ஊத்தினா அது எப்படி நிக்கும்?”

உம்மாவுக்குக் காரணம் தெரியாது, கை தெரியும். காரணத்தைச் சொன்னது என் மகள். நுண்ணுயிரியல் படித்துவிட்டு ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். கடல்பாசி கிட்டத்தட்ட 35-40 டிகிரியிலேயே உறைந்துவிடும், உறைந்ததை மறுபடி உருக்க 85 டிகிரியாவது வேண்டும். அதனால் சூடாக ஊற்றினாலும் கீழ் அடுக்கு உருகாது, ஆறவைத்து ஊற்றினால் சட்டியிலேயே கட்டிவிடும். ஜெலட்டின் இதற்கு நேர் எதிர். உறையக் குளிர் வேண்டும், நம் உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும். அதனால் அதில் கீழ் அடுக்கு நன்றாக உறைந்திருக்க வேண்டும், மேல் அடுக்கு ஆறியிருக்க வேண்டும். ஆறியிருந்தாலும் கீழ் அடுக்கின் மேல்பரப்பு லேசாக இளகி, அந்த இளக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும். கடல்பாசியில் அந்த இளக்கம் கிடைக்காது. முழுசாக உறைவதற்கு முன்பே சூடாக ஊற்றி நாம்தான் ஒட்டவைக்க வேண்டும். உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இந்தப் பத்திதான். மற்றதை வேண்டுமானால் தாண்டிப் போங்கள்.

எது நல்லது என்றால், நம் ஊர் வெயிலுக்கு நான் கடல்பாசி என்றுதான் சொல்வேன். ஏசி இல்லாத ஹாலில் கேக் வெட்டி, போட்டோ எடுத்து முடிப்பதற்குள் ஜெலட்டின் தளர ஆரம்பித்துவிடும். கடல்பாசி சாயங்காலம் வரை அப்படியே நிற்கும். ஜெலட்டின் மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து வருவது என்பதால் சைவம் சாப்பிடும் விருந்தாளிகளுக்கும் ஆகாது, எங்களுக்கும் எதிலிருந்து எடுத்தது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஜெலட்டினைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஹலால் முத்திரை போட்டதும் கிடைக்கிறது. வாயில் வைத்ததும் கரைகிற சுகம் ஜெலட்டினுக்குத்தான் உண்டு, கடல்பாசி நறுக்கென்று உடையும். எனக்கு அந்த நறுக் பிடிக்கும். ஜெலட்டினில்தான் செய்வேன் என்றால் சூடுபடுத்தாத அன்னாசியையோ பப்பாளியையோ மட்டும் போட்டுவிடாதீர்கள். அவற்றில் இருக்கும் நொதி ஜெலட்டினின் புரதத்தையே கரைத்துவிடும், ராத்திரி முழுக்க வைத்தாலும் உறையாது. டின்னில் வரும் அன்னாசி சூடுபடுத்தியது என்பதால் பரவாயில்லை. கடல்பாசி புரதமே இல்லை, அதனால் அதில் இந்தத் தொல்லை கிடையாது.

இன்னொன்று, கடல்பாசி என்றால் மீன் வாடை அடிக்குமா என்று எங்கள் அடுக்ககத்திலேயே நாலு பேர் கேட்டுவிட்டார்கள். அடிக்காது. ராமநாதபுரம் பக்கம் பாம்பன் பெண்கள் கடலில் முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி எல்லாம் இந்த வகைதான். காய்ச்சி வடித்துக் காயவைத்து, வெள்ளை இழையாகவோ பொடியாகவோ கடைக்கு வரும்போது ஒரு வாடையும் இருக்காது. சைனா கிராஸ் என்று கேட்டாலும் இதைத்தான் தருவார்கள்.

நான் இப்போது செய்கிற விதம் இது. 10 கிராம் இழைக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான திரவம். அடுக்குக்குக் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால்தான் வெட்ட வரும். பொடி என்றால் பாக்கெட்டில் உள்ள அளவைப் பாருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. இழையை அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஓர் இழைகூடக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கரைந்த பிறகுதான் சர்க்கரை. முன்னாடியே போட்டால் கரைய அடம்பிடிக்கும். வடிகட்டி, சட்டிகளில் பிரித்து, வண்ணம் சேர்த்து, எல்லாச் சட்டியையும் சிறு தீயிலோ வெந்நீரிலோ சூடு குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். பால் அடுக்குக்குப் பாலைத் தனியாகக் காய்ச்சிச் சூடாகவே சேர்க்க வேண்டும். குளிர்ந்த பாலை ஊற்றினால் திப்பி திப்பியாகும். எலுமிச்சை சேர்ப்பதாக இருந்தால் அடுப்பை அணைத்த பிறகு. புளிப்போடு கொதித்தால் கடல்பாசிக்குப் பிடிமானம் போய்விடும்.

முதல் அடுக்கை ஊற்றி, மேலே வரும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிட்டு, ஃப்ரிட்ஜ் பக்கமே போகாமல் பக்கத்தில் உட்காருங்கள். அரை விரல் உயரம் என்றால் ஐந்தாறு நிமிடத்தில் பால் ஆடை மாதிரி மேலே ஒரு தோல் கட்டும். விரலால் தொட்டால் பிசுபிசு என்று ஒட்ட வேண்டும், ஆனால் விரல் நனையக் கூடாது. அதுதான் நேரம். அடுத்ததைச் சூடாகவே, கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் விழுகிற மாதிரி மெதுவாக ஊற்றுங்கள். நேராக ஊற்றினால் குழி விழும். அதற்குள் போன் வந்து, பேசிவிட்டு வருவதற்குள் முழுசாக உறைந்துவிட்டதா? பதறாதீர்கள். மேலே தண்ணீர் விட்டிருந்தால் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, முள்கரண்டியால் லேசாகக் கீறி, கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள். முதல் தரத்துக்கு வராது, ஆனால் சீட்டுக்கட்டும் ஆகாது.

வண்ணத்துக்குக் கடைக் கலர்தான் வேண்டும் என்றில்லை. சங்குப்பூ ஊறவைத்த தண்ணீர் நீலம், அதிலேயே நாலு சொட்டு எலுமிச்சை விட்டால் ஊதா. இளநீர் கண்ணாடி மாதிரி நிற்கும். ரோஸ் சர்பத், நன்னாரி, அரைத்து வடித்த மாம்பழம். பினாங்கில் இருந்துவிட்டு வந்த எங்கள் சாச்சி (சின்னம்மா) ஒரு சோம்பேறி வழி காட்டினார். கடல்பாசியோடு கெட்டித் தேங்காய்ப்பாலும் சிட்டிகை உப்பும் சேர்த்துக் காய்ச்சி ஊற்றிவிட்டால், உறைவதற்குள் பால் மேலே மிதந்து, கண்ணாடி கீழே நின்று, தானாகவே இரண்டு அடுக்காகிவிடும். ஒரே சட்டி. 2019-இல் எனக்கு இது ஞாபகம் வந்திருக்கக் கூடாதா?

மகள் சொன்ன ஒரு கதையையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். ஜெர்மனியில் கிருமி ஆராய்ச்சியாளர் ராபர்ட் கோக்கின் பரிசோதனைக் கூடத்தில் கிருமி வளர்க்க ஜெலட்டினைத்தான் பயன்படுத்தினார்களாம். வெயில் காலத்தில் உருகிவிடும், சில கிருமிகள் அதையே தின்றுவிடும். அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, தன் சமையலறை ஜெல்லி உருகாததற்குக் காரணம் கடல்பாசி என்று எடுத்துச் சொல்லியிருக்கிறார். அவருக்கு அதைச் சொல்லித் தந்தவர் ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த ஒரு பக்கத்து வீட்டார். 1882-இல் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதியபோது கோக் கடல்பாசியைக் குறிப்பிட்டார், அந்த அம்மாவின் பெயரைக் குறிப்பிடவில்லை. இன்றைக்கும் ஊர் ஊராகப் பரிசோதனைக் கூடங்களில் கிருமி வளர்க்கக் கடல்பாசி ஊற்றிய தட்டுதான். இதைக் கேட்டபோது எனக்கு நாத்தனார் ஞாபகம் வந்தது. இப்போது அவர் வீட்டு விசேஷங்களில் ஐந்து அடுக்குக் கடல்பாசி பிரமாதமாக வைக்கிறார். யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால், “யூடியூப்ல பார்த்தேன்” என்கிறார்.

சரி, பாத்திரம். மோல்டு எல்லாம் வேண்டாம். அடிப்பாகம் சமமாக இருக்கிற, ஓரம் இரண்டு அங்குலம் நிற்கிற எவர்சில்வர் அல்லது அலுமினியத் தட்டு போதும். ஊற்றும் முன் தண்ணீரில் ஓர் அலசு அலசி, துடைக்காமல் வையுங்கள், எடுக்கும்போது சுலபமாக வரும். சிலிக்கான் அச்சு பிடித்தவர்கள் வாங்கிக்கொள்ளட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை.

உம்மா எனக்குச் சீராகக் கொடுத்த தட்டு ஒன்று இருந்தது. ஒரு மூலையில் நசுங்கியிருக்கும், அந்த மூலைத் துண்டு எப்போதும் எனக்குத்தான். மூன்று வருடத்துக்கு முன் அதே அடுக்ககத்தில் ஒருவர் கொழுக்கட்டைக்கு வாங்கிப் போனார். எங்கள் ஊரில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள், ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவார்கள். இங்கே சர்க்கரையும் வரவில்லை, தட்டும் வரவில்லை. இரண்டு முறை கேட்டேன், “தேடிப் பார்க்கிறேன்” என்றார். போன மாதம் துணி காயப்போட மாடிக்குப் போனபோது எட்டிப் பார்த்தால், அவர் பால்கனியில் துளசித் தொட்டிக்கு அடியில் இருக்கிறது. நசுங்கிய மூலை நன்றாகத் தெரிகிறது. துளசிக்கு அடியில் இருப்பதை எப்படிப் போய் உருவுவது, நீங்களே சொல்லுங்கள்.

பிறந்தநாள் சனிக்கிழமை என்றால் வெள்ளி ராத்திரியே ஊற்றிவிடுங்கள். எல்லா அடுக்கும் ஊற்றி முடித்த பிறகு ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும். மூடி வையுங்கள், இல்லாவிட்டால் வெங்காய வாடை ஏறும்.