வகுப்பில் விவாதம் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். 42 பிள்ளைகள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை, 45 நிமிடம், மன்ற நேரமாக எனக்குக் கிடைத்திருக்கிறது. பாடத்தைத் தாண்டி வாழ்க்கையைப் பற்றி இவர்கள் கொஞ்சம் யோசிக்கவேண்டும், தங்களுக்குள் வாதாடிப் பழகவேண்டும் என்று ஆசை. 'கைப்பேசியால் நன்மையா தீமையா' என்று தலைப்புக் கொடுத்தேன். இரண்டு பேர் வீட்டில் யாரோ எழுதிக்கொடுத்ததை ஒப்பித்தார்கள். மூன்று பையன்கள் கத்தினார்கள். மிச்சப் பேர் மணி எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியரோ, 'இதனால் அடுத்த வருஷம் பொதுத்தேர்வுக்கு என்ன பிரயோஜனம்?' என்கிறார். எங்கே கோளாறு? எப்படித் தொடங்குவது?

ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

தலைப்பில்தான் முதல் கோளாறு. கைப்பேசி நன்மையா தீமையா என்றால் முடிவு ஊருக்கே தெரியும்: அளவோடு பயன்படுத்தினால் நன்மை. முடிவு தெரிந்த இடத்தில் யாரும் யோசிக்கமாட்டார்கள், ஒப்பிப்பார்கள். 'பெண் கல்வி அவசியமா' என்பதும் அதே ரகம். டீச்சர் என்ன பதிலை எதிர்பார்க்கிறார் என்று மோப்பம் பிடிப்பதில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்.

பேச வைக்கும் கேள்வியில் இரண்டு நியாயங்கள் முட்டிக்கொள்ளும். பிள்ளைகளுக்கு விவரம் தெரிந்த சங்கதியாக இருக்கும். 'ரெண்டும் முக்கியம்தான்' என்று நழுவ முடியாதபடி கடைசியில் ஒரு முடிவு எடுத்தே ஆகவேண்டும். ஓர் உதாரணம். பள்ளிக் கபடிக் குழுவுக்கு 12 பேர். களத்தில் 7, வெளியே 5. 11 பேர் முடிவாகிவிட்டது. கடைசி இடத்துக்கு இரண்டு பெண்கள். ஒருத்தி பிரமாதமாகப் பாடிப் போவாள், ஆனால் பாதி நாள் பயிற்சிக்கு வருவதில்லை. இன்னொருத்தி ஆட்டம் சுமார், ஒருநாள்கூடத் தவறியதில்லை. யாரை எடுப்பது?

இதைக் கொடுத்துவிட்டு உடனே 'யார் பேசப்போறீங்க?' என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் பேசிக்கொண்டே யோசிக்கிற அந்த மூன்று பையன்கள்தான் எழுந்திருப்பார்கள். முதல் 5 நிமிடம் யாரும் வாய் திறக்காமல் எழுதட்டும். மூன்றே வாக்கியம்: என் முடிவு என்ன, அதற்குக் காரணம் என்ன, எந்த நிலைமையில் என் முடிவு தப்பாகிவிடும். மூன்றாவது வாக்கியத்தில்தான் பேனா நிற்கும். நிற்கட்டும், உதவிக்குப் போகாதீர்கள். கையில் எழுதிய தாள் இருந்தால் கூச்சப்படுகிற பிள்ளை அதைப் பார்த்தாவது படிக்கும்.

42 பேரை ஒரே வட்டத்தில் உட்காரவைத்தால் எதிர்ப்பக்கம் பேசுவது காதில் விழாது. மும்மூன்று பேராகப் பிரித்தால் 14 அணி. அணிக்குள் 6 நிமிடம் தாளைப் பார்த்துப் பேசிக்கொள்ளட்டும். பிறகு அணிக்கு ஒருவராக 14 பேர் உள்வட்டத்தில். மற்ற இரண்டு பேரும் அவருக்குப் பின்னால். உள்ளே இருப்பவர் மட்டும் பேசலாம். 7 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறினால் மூன்று சுற்று, 21 நிமிடம். எல்லோரும் ஒருமுறை உள்ளே வந்துவிடுவார்கள். ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் தனித்தனியே உட்கார்ந்து பழகிய வகுப்பென்றால் அணிகள் அப்படியே இருக்கட்டும், உள்வட்டத்தில் அணிகளை மாற்றி மாற்றி வையுங்கள். பெஞ்சை நகர்த்தப் பார்த்தால் பத்து நிமிடம் போய்விடும். வராந்தாவோ மரத்தடியோ போதும். கடைசி 5 நிமிடம் மறுபடி எழுத்து: முடிவு மாறியதா, யார் சொன்ன எந்த வார்த்தையால்? கேள்வியைப் படிப்பதற்கும் இடம் மாறுவதற்கும் சேர்த்து 45 நிமிடம் சரியாகிவிடும்.

அந்த மூன்று பையன்களுக்கு வைத்தியம் புளியங்கொட்டை. உள்வட்டத்துக்கு வருகிறவருக்கு ஆளுக்கு இரண்டு. ஒருமுறை பேசினால் ஒன்றை நடுவில் போட்டுவிடவேண்டும். தீர்ந்தால் அந்தச் சுற்றில் அவர் பேச்சும் தீர்ந்தது. இதில் ஒரு சிக்கல் உண்டு: கொட்டையைச் செலவழிப்பதற்காகவே எதையாவது சொல்லிவைப்பார்கள். அதனால் அடுத்தவரைக் கேள்வி கேட்பதற்குக் கொட்டை வேண்டாம் என்று விதி வையுங்கள். கொட்டை தீர்ந்த வாயாடிகள் இரண்டு மூன்று வாரத்தில் நல்ல கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள்.

இரண்டாம் சுற்று தொடங்கும்போது கதையில் ஒரு தகவலைச் சேருங்கள்: முதல் பெண் பயிற்சிக்கு வராததற்குக் காரணம், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆளில்லை. அதுவரை 'உழைப்புக்குத்தான் மதிப்பு' என்றவர்கள், வீட்டு வேலை உழைப்பில்லையா என்பதற்குப் பதில் சொல்லவேண்டும். 'ஜெயிக்கணும்ல டீச்சர்' என்றவர்களிடம், ஜெயிப்பதற்காக மட்டும்தான் பள்ளியில் குழு வைத்திருக்கிறோமா என்று கேளுங்கள். அதற்குமேல் உங்களுக்கு வேலை கிடையாது.

சொல்லப்போனால் இந்த முறையில் அதிகம் கெடுப்பது ஆசிரியரின் வாய்தான். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை 3 நொடிக்கு மேல் நீட்டினாலே பிள்ளைகளின் பதில் நீளமாகிறது என்று 1970களில் அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் கண்டார். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். 'சூப்பர்', 'கரெக்ட்' வேண்டவே வேண்டாம். ஒருவரைப் பாராட்டிய நொடியே மற்ற 41 பேருக்கும் விடை தெரிந்துவிடும். 'ஏன்?', 'ஓர் உதாரணம் சொல்', 'இதை ஒத்துக்காதவங்க யாரு?' இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டலாம்.

இன்னொரு விதி. மறுத்துப் பேசுகிறவர், எதிராளி சொன்னதை முதலில் தன் வார்த்தையில் சொல்லவேண்டும். எதிராளி 'ஆமா, அதைத்தான் சொன்னேன்' என்ற பிறகே மறுக்கலாம். தமிழாசிரியருக்கு இது புதிதில்லை. நன்னூல் பாயிரத்தில் எழுவகை மதம், அதாவது ஏழு வகைக் கொள்கை, வருகிறதே, அதில் 'பிறர்தம் மதமேற் கொண்டு களைவே' (பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு மறுப்பது) என்பது கிட்டத்தட்ட இதுதான். 'இருவர் மாறுகோள் ஒருதலை துணிவே' (இருவர் மாறுபட்டுச் சொன்னதில் ஒன்றைத் துணிவது) என்பதையும் சேர்த்துக் கரும்பலகையில் எழுதிப்போடுங்கள். மனப்பாடமாகவே கிடக்கும் நூற்பாவுக்கு ஒரு வேலை கிடைக்கட்டும். இந்த விதி வந்ததும் விவாதத்தின் வேகம் பாதியாகக் குறையும், கத்தலும் குறையும்.

சாதி, மதம், காதல் பற்றிய கேள்விகளை முதல் பருவத்தில் தொடாதீர்கள். வகுப்பில் இருப்பவரே ஒரு கட்சியாக இருக்கும் வழக்கை, அடுத்தவர் பேச்சைக் கேட்கப் பழகுவதற்கு முன்னால் எடுத்தால் காயம்தான் மிஞ்சும். எழுதிய தாள்களை அன்றைக்கே ஒருமுறை புரட்டிவிடுங்கள். எழுத்துப்பிழை திருத்தவேண்டாம், சிவப்புப் பேனாவே கூடாது. வாரம் 14 தாளில் மட்டும் பென்சிலால் ஒரு கேள்வி எழுதித் திருப்பிக்கொடுத்தால் மூன்று வாரத்தில் எல்லோருக்கும் ஒரு முறை வந்துவிடும். அன்றைக்கே பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மனம் விட்டு எழுதச் சொன்னால் எங்காவது ஒரு தாளில் அடி, உதை, அதைவிட மோசமானதும் வரலாம். 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் துன்புறுத்தல் என்றால் 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். சிறார் உதவி எண் 1098 உங்கள் கைப்பேசியில் இருக்கட்டும்.

ஆறேழு வாரம் வட்டம் நன்றாக ஓடிய பிறகு கட்சி பிரித்து வாதாட வையுங்கள். பக்கத்துக்கு மூன்று பேர், ஆளுக்கு 3 நிமிடம். எந்தக் கட்சி என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பத்து நிமிடம் முன்னால் சொன்னால் போதும்; வீட்டில் எழுதி வாங்கிவர நேரம் இருக்காது. அடுத்த வாரம் அதே தலைப்பு, கட்சி மட்டும் மாறும். இந்த மாற்றம் இல்லாவிட்டால் போன வாரம் பேசியதையே தன் கருத்து என்று பிடித்துக்கொள்வார்கள். மதிப்பெண்ணைக் குரலுக்கும் கையசைவுக்கும் கொடுக்காமல், எதிர்க்கட்சியின் வலுவான வாதம் எது என்று கண்டுபிடித்து அதற்குப் பதில் சொன்னவருக்குக் கொடுங்கள். பட்டிமன்றத்தை நான் குறைசொல்லவில்லை. பொங்கலன்று அது இல்லாமல் முடியாது. ஆனால் கைதட்டலுக்குப் பேசுவது வேறு கலை, அதை இங்கே பழக்கவேண்டாம்.

தலைமையாசிரியரிடம் மதிப்பெண் கூடும் என்று சொல்லி அனுமதி வாங்காதீர்கள். இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளிகளில் இதுபோன்ற தத்துவ உரையாடலைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 48 பள்ளிகளில் நடந்த ஆய்வின் 2015 அறிக்கை, வாசிப்பிலும் கணக்கிலும் சுமார் இரண்டு மாத முன்னேற்றம் என்றது. பிறகு அதைவிடப் பெரிய அளவில் செய்தபோது வாசிப்பில் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. பிரான்சில் பள்ளி இறுதி வகுப்பில் தத்துவம் ஒரு பாடம், 4 மணி நேரத் தேர்வு உண்டு. அங்கே அதை மதிப்பெண்ணுக்கு உதவியாக யாரும் வைக்கவில்லை. நீங்கள் 'வாரம் 42 பிள்ளைகள் சொந்தமாக எட்டு வரி எழுதுகிறார்கள், தாள் என் மேசையில் இருக்கிறது, வந்து பாருங்கள்' என்று மட்டும் சொல்லுங்கள். அது உண்மை, அவரால் மறுக்கவும் முடியாது.

பார்க்க வருகிறேன் என்றால் எட்டாவது வாரத்துக்குமேல் வரச்சொல்லுங்கள். அவரும் வெளிவட்டத்தில்தான் உட்காரவேண்டும், இரண்டு புளியங்கொட்டையோடு.