மொரீஷியஸில் தோற்றவருக்கு எதற்கு நாற்காலி?

கேள்வி: மொரீஷியஸில் 2024 தேர்தலில் ஒரே கூட்டணி 60-க்கு 60 இடங்களையும் அள்ளியது. அப்புறம் தோற்றுப்போன சிலரைக் கூப்பிட்டு உறுப்பினர் ஆக்கிவிட்டார்கள். மக்கள் வேண்டாம் என்று ஒதுக்கியவர்களுக்குக் கொல்லைப்புற வழியா? இதற்குப் பெயர் ஜனநாயகமா? அந்த ஏற்பாட்டில் நம் தமிழர்களுக்காவது பங்கு உண்டா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: “மக்கள் வேண்டாம் என்று ஒதுக்கியவர்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைச் சரிபார்த்துக்கொள்வோம். அந்தத் தேர்தலில் வென்ற கூட்டணிக்கு நூற்றுக்கு 62 பேர் அளவில் ஓட்டுப் போட்டார்கள். தோற்ற ஆளுங்கூட்டணிக்கும் நூற்றுக்கு 27 பேர் அளவில் போட்டிருக்கிறார்கள். வாக்காளர்கள் மொத்தமே சுமார் 10 லட்சம் பேர் உள்ள நாடு அது. நாலில் ஒருவருக்கு மேல் ஆதரித்த அணிக்குப் பெரிய தீவில் ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. இதை மக்கள் ஒதுக்கியது என்று எப்படிச் சொல்வது? அவர்களை ஒதுக்கியது தொகுதிக் கணக்கு.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். மொரீஷியஸ் தீவு 20 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றிலும் மூன்று உறுப்பினர்கள். 21-ஆவது தொகுதியான ரோட்ரிக்ஸ் தீவுக்கு இரண்டு. ஆக மொத்தம் 62. நீங்கள் 5-ஆம் எண் தொகுதியான பாம்பிள்முஸ்–திரியோலேயில் வாக்காளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாக்குச்சீட்டில் நீங்கள் மூன்று பேருக்குக் குறி போட வேண்டும். ஒருவரைத்தான் பிடிக்கும் என்று ஒரே குறியோடு மடித்துப் போட்டால் சீட்டு செல்லாது. அதனால் ஒரு கூட்டணியைப் பிடித்தவர் அதன் மூவருக்கும் சேர்த்துப் போட்டுவிட்டு வருகிறார். கட்சிகளும் அப்படித்தான் கேட்கின்றன. தொகுதியில் பத்துக்கு ஆறு பேர் ஒரு பக்கம் சாய்ந்தால் மூன்று இடமும் அந்தப் பக்கமே போகிறது. மிச்ச நான்கு பேருக்கு ஒன்றும் இல்லை. சாய்வு நாடெங்கும் ஒரே மாதிரி இருந்துவிட்டால் 60-க்கு 60.

இது 2024-இல் முதல் தடவை நடந்ததும் அல்ல. 1982-இல் நடந்தது, 1995-இல் நடந்தது. மூன்று தடவையும் பதவியிலிருந்த பிரதமரே தன் தொகுதியில் தோற்றார். சுதந்திரம் வாங்கிக் கொடுத்த சீவூசாகர் ராம்கூலம் 1982-இல் அதே திரியோலேயில் தோற்றார். 1995-இல் அனிருத் ஜக்நாத், 2024-இல் அவர் மகன் பிரவிந்த். அப்படி அள்ளியவர்களும் நிம்மதியாக ஆண்டுவிடவில்லை. 1982-இல் வந்த ஆட்சி ஒன்பது மாதத்தில் உடைந்து, அடுத்த ஆண்டே மறுபடி தேர்தல் நடந்தது. எதிரே கேள்வி கேட்க ஆள் இல்லாத சபையில் சண்டை உள்ளேயேதான் மூளும்.

இதே கணக்கு மறுபக்கமும் வெட்டும். 2019-இல் நூற்றுக்கு 37 ஓட்டு வாங்கிய கூட்டணிக்கு 60-இல் 38 இடம் கிடைத்தது. ஓட்டு மூன்று பக்கமாகப் பிரிந்ததே காரணம். தொகுதிகளும் சமமாக இல்லை. தலைநகர் போர்ட் லூயியின் துறைமுகப் பக்கம் இருக்கும் 3-ஆம் எண் தொகுதியில் வாக்காளர்கள் 20,000-ஐச் சற்றுத் தாண்டுவார்கள். தெற்கும் மேற்கும் விரிந்த 14-ஆம் எண்ணான சவான்–பிளாக் ரிவரில் 60,000-க்கு மேல். இரண்டுக்கும் மூன்று உறுப்பினர்கள்தான். 3-ஆம் எண்ணில் முஸ்லிம்கள் நிறையப் பேர். எல்லையைத் தொட்டால் அவர்களுடைய பிரதிநிதித்துவம் குறைந்துவிடுமோ என்ற அச்சம் இருக்கிறது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஏனென்றால் நீங்கள் கோபப்படும் ‘பெஸ்ட் லூசர்’ ஏற்பாடே, அதாவது தோற்றவர்களில் சிலருக்கு இடம் கொடுக்கும் ஏற்பாடே, அந்த அச்சத்தில் பிறந்ததுதான். 1950-களின் கடைசியில் பிரிட்டிஷார் வகுத்தவை ஒருவர் ஒருவராகத் தேர்ந்தெடுக்கும் 40 தொகுதிகள். சுதந்திரத்துக்கு முன் பான்வெல் ஆணையம் அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 20 ஆக்கியது. மூவர் தொகுதியில் சிறுபான்மையினர் அடிபட்டுப் போவார்களே என்ற கவலை உடனே எழுந்தது. அப்துல் ரசாக் முகமது தலைமையில் முஸ்லிம்கள் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். சமூகத்துக்குச் சமூகம் தனி வாக்காளர் பட்டியல் போட்டால் அது நாட்டைப் பிளந்துவிடும் என்று ராம்கூலம் அதற்கு இசையவில்லை. கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்டது இதுதான்: பொதுத் தொகுதி, பொதுப் பட்டியல், முடிவு வந்த பிறகு தோற்றவர்களில் இருந்து எட்டுப் பேர் வரை கூடுதலாக. 1968-இல் சுதந்திரம் வந்ததற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் போர்ட் லூயியில் இனக் கலவரம் நடந்தது. அந்தச் சூழ்நிலையில் இந்த ஏற்பாடு நாட்டைக் காப்பாற்றியது என்றே சொல்வேன். 1982-இல் காயத்தான் துவால் இப்படி உள்ளே வந்துதான் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். 2024-இல் தோற்ற கூட்டணியின் ஜோ லெஜோங்கார் வந்ததும் இந்த வழியில்தான். சபையில் எதிர்க்குரல் ஒன்றாவது ஒலிப்பது இதனால்தான்.

அப்படியானால் எல்லாம் சரியா? இல்லை. நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் வேட்புமனுப் படிவம். அதில் வேட்பாளர் தன் சமூகத்தைச் சொல்லியாக வேண்டும். இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர், பொது மக்கள் என்று நான்கு வகை. முதல் மூன்றிலும் சேராத வாழ்க்கை முறை கொண்டவர் எல்லாம் நான்காவது என்று அரசியல் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. மக்கள்தொகையில் ஒவ்வொரு சமூகத்தின் எண்ணிக்கையையும், அதற்குக் கிடைத்த இடங்களோடு ஒன்றைக் கூட்டி வகுக்கிறார்கள். விடை எதற்குப் பெரிதோ அந்தச் சமூகத்தில், சொந்தத் தொகுதியில் அதிக விழுக்காடு வாங்கித் தோற்றவருக்கு அடுத்த நாற்காலி. அந்த மக்கள்தொகை எந்த ஆண்டுக் கணக்கு தெரியுமா? 1972. அதற்குப் பிறகு வந்த கணக்கெடுப்புகளில் சமூகத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அதைக் கேட்டு நாட்டைக் கூறுபோட வேண்டாம் என்ற எண்ணத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் கணக்கெடுப்பவர் கேட்கக்கூடாத கேள்வியைத் தேர்தல் அதிகாரி மட்டும் கேட்கலாமா?

‘ரெசிஸ்தான்ஸ் ஏக் ஆல்தெர்னாதிவ்’ என்ற சிறிய கட்சி இதைத்தான் கேட்டது. நாங்கள் மொரீஷியர்கள், வேறு எதையும் எழுத மாட்டோம் என்றார்கள். மனுக்கள் தள்ளுபடி ஆயின. விடாமல் ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனார்கள். பழைய 1972 கணக்கை வைத்துக்கொண்டு சமூகத்தைச் சொல்லக் கட்டாயப்படுத்துவது உரிமை மீறல் என்று 2012-இல் அந்தக் குழு சொல்லிவிட்டது. 2014 தேர்தலுக்கு மட்டும் அந்த இடத்தைக் காலியாக விடலாம் என்று தற்காலிகச் சட்டம் போட்டார்கள். ஒரு தேர்தலோடு அது முடிந்தது.

வழி இல்லாமலும் இல்லை. தென்னாப்பிரிக்க நீதிபதி ஆல்பி சாக்ஸ் தலைமையிலான ஆணையம் 2002-லேயே எழுதிக் கொடுத்துவிட்டது: 62 தொகுதி இடங்களை அப்படியே வைத்துக்கொண்டு, கட்சிகள் வாங்கிய ஓட்டு விகிதத்தைப் பார்த்து இன்னும் 30 இடங்கள். நூற்றுக்கு 27 பேரின் ஓட்டு வீணாகாது. கட்சிகள் தங்கள் பட்டியலில் எல்லாச் சமூகத்தவரையும் சேர்த்தே ஆக வேண்டிய நெருக்கடியும் தானாக வரும். இல்லாவிட்டால் ஓட்டுக் குறையும். இதற்கு அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும். நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் கை தூக்க வேண்டும். 2018-இல் கொண்டுவந்த மசோதா அந்தப் பலம் இல்லாமல்தான் கிடப்பில் போனது. 2024 தேர்தலோ வென்றவர்கள் கையில் அந்தப் பலத்தைக் கொடுத்தது. ரெசிஸ்தான்ஸ் கட்சியும் அந்தக் கூட்டணியில் இருந்தது. அதன் அசோக் சுப்ரோன் அமைச்சரும் ஆனார். இவ்வளவு கையில் இருந்தும் செய்யாமல் விட்டால் அதற்கு எந்தச் சமாதானமும் எடுபடாது.

தமிழர்களைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் என்ற இடத்தில் ‘தமிழ்’ என்றே பதிகிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் வேட்புமனுவில் தமிழருக்கு என்று தனிக் கட்டம் இல்லை; இந்து என்பதற்குள் அடங்க வேண்டும். தனிக் கட்டம் வேண்டும் என்று கேட்கும் குரல்களும் அங்கே உண்டு. அவர்கள் வருத்தம் புரிகிறது, ஆனாலும் நான் அந்தப் பக்கம் இல்லை. திரியோலேயிலோ ரோஸ் ஹில்லிலோ ஒரு தமிழ்ப் பெண் தேர்தலுக்கு நிற்கப் போனால், பெயரும் தொகுதி எண்ணும் மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் திரும்பி வர முடிய வேண்டும்.