மறுபடியும் நூலாக வரும் சிறுநீர்: கிடாவுக்கு இன்னோர் அறுவை தேவையா?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். ஒன்றரை வயது வெள்ளாட்டுக் கிடா, சின்னக் குட்டியிலேயே காயடித்தது. கல் அடைத்ததால் இரண்டு மாதம் முன்பு ஆசனவாய்க்குக் கீழே வழி வைத்து அறுவை செய்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. இப்போது சிறுநீர் நூலாக வருகிறது, முக்குகிறது. வாழைத்தண்டுச் சாறு ஊற்றலாமா?

பதில்: ஊற்றாதீர்கள் ஐயா. வழி அடைபட்டிருக்கும்போது நீரைக் கூட்டினால் மூத்திரப்பை கிழிந்துவிடும். முக்குவது திடீரென நின்று கிடா அமைதியானாலும் தேறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பை கிழிந்தாலும் அப்படித்தான் இருக்கும். இரண்டொரு நாளில் வயிறு உப்பும். சொட்டு நின்றுவிட்டால் ராத்திரியானாலும் வண்டி பிடியுங்கள்.

இது புதுக் கல்லாகவும் இருக்கலாம். ஆனால் இந்த அறுவைக்குப் பின் அதிகம் பார்ப்பது தழும்புச் சுருக்கம். மூத்திரக்குழாயின் உள்சவ்வைத் தோலோடு விளிம்புக்கு விளிம்பு தைத்திருப்பார்கள். அந்தத் தையல் இடைவெளியில் சிறுநீர் கசிந்து தோலுக்கடியில் இறங்கினால் தழும்பு கட்டி, புதுவழியின் வாய் சுருங்கிவிடும். கல்லுக்குக் கொடுக்கும் அம்மோனியம் குளோரைடு மருந்து சிலவகைக் கல்லைக் கரைக்கும், தழும்பைக் கரைக்காது.

ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள், முதல் அறுவைச் சீட்டோடு. பை நிரம்பியிருந்தால் வயிற்று வழியாக ரப்பர் குழாய் வைத்து முதலில் சிறுநீரை வடிப்பார்கள். அப்புறம் தழும்பை நீக்கி, வாயைச் சற்று மேலே புதிதாகத் திறக்கலாம். அதுவும் சுருங்க வாய்ப்பு உண்டு. கடைசி வழி, பையையே அடிவயிற்றுத் தோலோடு சேர்த்துத் தைப்பது. உயிர் தங்கும், ஆனால் எந்நேரமும் சொட்டி, தோல் வெந்து புண்ணாகும். கறிக்கு வளர்க்கும் கிடாவை அந்த அவஸ்தைக்குள் தள்ள எனக்கு மனமில்லை. கறிக்குக் கொடுத்துவிடுவது என்றால் அடைப்பு முற்றுமுன் மருத்துவரிடம் காட்டி முடிவெடுங்கள். ஊசி போட்டிருந்தால் எத்தனை நாள் கழித்துக் கறிக்கு விடலாம் என்றும் கேளுங்கள்.

நம் பக்கம் அரிசி ஆலைத் தவிடு தாராளம். அதில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுதி, சுண்ணாம்புச்சத்து சொற்பம். கல் கட்டுவதற்கு இதுவே பெரிய காரணம். மற்ற கிடாக்களின் குறியைச் சுற்றியுள்ள முடியை விரலால் நெருடிப் பாருங்கள். மணல் நறநறத்தால் இன்றே தவிட்டைக் குறையுங்கள். அகத்தி, வேலிமசால் தழை கொடுங்கள். தீவனத்தில் மணிச்சத்துக்கு இரண்டு பங்கு சுண்ணாம்புச்சத்து இருக்கும்படி தாது உப்புக் கலவையைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் எப்போதும் சுத்தமாக இருக்கட்டும். அடுத்த ஈற்றுக் குட்டிகளுக்கு நான்கைந்து மாதமாவது ஆகட்டும், அதன்பின் காயடியுங்கள். சீக்கிரம் செய்தால் மூத்திரக்குழாய் அகலமாக வளராது.