ஆற்றோர மாட்டுப் பண்ணைப் பகுதியின் பழைய அமெரிக்க டோப்போ (நிலத்தின் மேடுபள்ளம் காட்டும்) வரைபடத்தை எப்படிப் படிப்பது?

முதலில் நான் சறுக்கிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மொன்டானாவின் பவுடர் ஆற்றுப் பகுதிப் படம் ஒன்றை, அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் டோப்போவியூ தளத்திலிருந்து இறக்கினேன் (இலவசம்தான், 1884 முதலான படங்கள் கிடைக்கின்றன). ஆறு மேலிருந்து கீழே ஓடுகிறது என்று நானாக நினைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஓடைகள் எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்து வந்து சேர்ந்தன. அப்புறம்தான் சமஉயரக் கோடுகளின், அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் பழுப்புக் கோடுகளின், உயர எண்களைப் பார்த்தேன்: வடக்கே போகப் போகக் குறைகின்றன! பவுடர் ஆறு வயோமிங்கில் பிறந்து, வடக்கே ஓடி, டெரி ஊருக்குப் பக்கத்தில் யெல்லோஸ்டோன் ஆற்றில் கலக்கிறது. படத்தில் மேல் என்பது வடக்கு, மேடு அல்ல.

இதற்கு ஒரு சுலப வழி உண்டு. சமஉயரக் கோடு ஓடையைத் தாண்டும் இடத்தில் ‘வி’ போல மடங்கும். அதன் கூர்முனை தண்ணீர் வரும் திசையைக் காட்டும்.

அடுத்து நீலத்தைப் பாருங்கள். முழுக்கோடு என்றால் ஆண்டு முழுதும் தண்ணீர். இடையிடையே புள்ளி வைத்து விட்டுவிட்டு வந்தால் மழைக்கும் பனியுருகலுக்கும் மட்டும் ஓடும் ஓடை. இந்த வறண்ட சீமையில் பெரும்பாலும் இரண்டாவதுதான். வீட்டைக் குறிக்கும் கறுப்புச் சதுரங்கள் ஆற்றை ஒட்டியே கிடப்பது அதனால்தான். குடியேறுவோருக்கு அரசு நிலம் வழங்கிய 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஒருவருக்குக் கிடைத்தது 160 ஏக்கர். அது ஆற்றங்கரையாக அமைந்துவிட்டால், பின்னால் உள்ள காய்ந்த மேய்ச்சல் நிலமும் நடைமுறையில் அவர் கையில்தான். தண்ணீர் இல்லாமல் வேறு யார் அங்கே மாடு வளர்ப்பது? 1886-87 குளிர்காலத்தில் திறந்தவெளியில் விடப்பட்ட மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. அதன்பின் குளிர்காலத்துக்குப் புல் அறுத்துச் சேமிப்பது அவசியமானது. அந்தப் புல்லுக்கும் ஆற்றுப் படுகைதான் வேண்டும்.

ஒரு மைல் சதுரக் கட்டங்கள் தெரிந்தால் அவை நில அளவைப் பிரிவுகள், 640 ஏக்கர் வீதம். 36 சேர்ந்தது ஒரு டவுன்ஷிப். எண்கள் வடகிழக்கு மூலையில் தொடங்கி, ஏர் திரும்பித் திரும்பி உழுவதுபோல் போகும். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

ஊதா நிறம் இருந்தால் மட்டும் கொஞ்சம் உஷார். அவை பிற்பாடு விமானப் படங்களைப் பார்த்துச் சேர்த்தவை, பெரும்பாலும் களத்தில் போய்ச் சரிபார்க்காதவை. அந்த ஊதாச் சதுரத்தில் ஆள் குடியிருந்தாரா, வெறும் தட்டுமுட்டுச் சாமான் கிடந்ததா என்று படத்தைக் கேட்டால் பதில் வராது.