ரயில் கேள்வி–பதில்: வண்டி பிந்தினால்…

கே: கடலூருக்கு முக்கால் மணி நேரம் பிந்தி வருகிற வண்டி, கடைசி நிலையத்துக்கு மட்டும் சரியாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறதே, எப்படி?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

ப: விரைவு வண்டி நேரம் தவறியதா என்று ரயில்வே பார்ப்பது அது போய்ச் சேரும் நிலையத்தில்தான். அதனால் அட்டவணையின் கடைசிப் பகுதியில் உபரி நிமிடங்களைச் செருகிவைப்பார்கள். கடைசி இரண்டு நிலையங்களுக்கு இடையே வண்டிக்குத் தந்திருக்கும் நேரத்தையும், திரும்பி வரும்போது அதே தூரத்துக்குத் தந்திருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள், குட்டு வெளிப்படும். நடுவழியில் ஏறி இறங்கும் நமக்கு அந்த உபரியால் காலணா பயனில்லை.

நம் பாதையில் இன்னொரு சிக்கல். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியே திருச்சி போகும் கார்டு லைன் இரட்டைப் பாதை. கடலூர் வழியே போகும் மெயின் லைனோ மயிலாடுதுறை வரை ஒற்றை. 2010-இல் அகலப் பாதையாகத் திறந்தபோதும் ஒற்றையாகவே விட்டுவிட்டார்கள். ஒரு வண்டி இருபது நிமிடம் பிந்தினால் கிராசிங், அதாவது எதிரெதிர் வண்டிகள் ஒன்றையொன்று கடக்கும் இடம், வேறு நிலையத்துக்கு மாறும். நேரத்துக்கு வந்த எதிர்வண்டியும் நிலையத்தின் பக்கப் பாதையான லூப் லைனில் காத்துக் கிடக்கும். பாதை மின்மயமானாலும் இது தீராது.

கே: புதுச்சேரியிலேயே புறப்படும் வண்டி ஏன் தாமதமாகிறது?
– வாசகி, முத்தியால்பேட்டை

ப: பெரும்பாலும் ரேக்தான் (வண்டியின் பெட்டித் தொடர்) காரணம். வந்த பெட்டிகளையே கழுவி, தண்ணீர் நிரப்பி, பிரேக் பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள். உங்கள் வண்டியை விட்டுவிட்டு, அந்த ரேக் வருகிற வண்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

கே: தாமதத்தால் பயணத்தைக் கைவிட்டால் பணம் திரும்புமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

ப: 3 மணி நேரத்துக்கு மேல் பிந்தி, நீங்கள் ஏறாமல் இருந்தால் முழுப் பணமும் உண்டு, தட்கலுக்கும்கூட. இ-டிக்கெட் என்றால் வண்டி உண்மையில் கிளம்பும் முன்பே ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் டி.டி.ஆர். (பணம் திரும்பக் கேட்கும் மனு) போட வேண்டும், கவுன்டர் டிக்கெட்டை அதே கெடுவுக்குள் கவுன்டரில் ஒப்படைக்க வேண்டும். அவசரப்பட்டு, சார்ட் (பயணிகளின் இறுதிப் பட்டியல்) தயாராகும் முன் சாதாரணமாகக் கேன்சல் செய்தால் பிடித்தம் போக மீதிதான் கிடைக்கும். தட்கலில் ஒரு நுணுக்கம்: தாமதத்தைக் கணக்கிடுவது டிக்கெட்டில் பயணம் தொடங்கும் நிலையத்தில், நீங்கள் மாற்றிக்கொண்ட போர்டிங் நிலையத்தில் அல்ல.

வண்டி மாறிப் போகிறவர்கள் இரண்டு டிக்கெட்டுகளின் பி.என்.ஆர்.களையும் (முன்பதிவு எண்கள்) முன்கூட்டியே இணைத்துவிடுங்கள். இரண்டிலும் பயணி விவரம் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் வண்டி பிந்தி அடுத்தது தவறினால், முதல் வண்டி வந்து சேர்ந்த 3 மணி நேரத்துக்குள் டி.டி.ஆர். போடுங்கள்.