வெல்ட் தையல் சப்பாத்து: விலைக்கேற்ற உழைப்பு உண்டா?

மட்டக்களப்பில் அண்மையில் தொழிலைத் தொடங்கிய இளம் சட்டத்தரணி ஒருவர் கேட்டிருக்கிறார்: நகரத்துக் கடையொன்றில் கறுப்புத் தோல் சப்பாத்து 14,500 ரூபாய்க்கு இருக்கிறது. லண்டனிலிருந்து வரும் மச்சான் தள்ளுபடி விலையில், 190 பவுணுக்கு, ‘குட்இயர் வெல்ட்’ சப்பாத்து ஒன்றை வாங்கிவரத் தயாராக இருக்கிறார். அது கைக்கு வந்து சேரும்போது 75,000 ரூபாயைத் தாண்டிவிடும். ஐந்து மடங்கு விலை கொடுத்தால் ஐந்து மடங்கு உழைக்குமா?

உழைக்காது. ஆனால் அதனால் மட்டும் அதை வேண்டாமென்று சொல்லவும் மாட்டேன். வெல்ட் என்பது தரத்தின் பெயரல்ல, சப்பாத்தைக் கட்டும் ஒரு முறையின் பெயர். மேற்தோலையும் உட்தளத்தையும் சுற்றி ஒரு தோற்பட்டி தைக்கப்படுகிறது. பின்னர் அந்தப் பட்டியோடு மட்டும் அடி தைக்கப்படுகிறது. அடி தேய்ந்ததும் வெளித்தையலைப் பிரித்து, மேற்தோலில் ஓர் ஊசி படாமல் புதிய அடியைத் தைத்துவிடலாம். இதைக் கையால் செய்வது பழைய வழக்கம். இயந்திரத்தால் செய்யும் முறையை, றப்பரைப் பதப்படுத்தும் முறையைக் கண்ட சார்ள்ஸ் குட்இயரின் அதே பெயருடைய மகன் 19ஆம் நூற்றாண்டில் நிலைநிறுத்தினார். கைத்தையலில் உட்தளத்தின் தடித்த தோலையே செதுக்கி விளிம்பு எடுப்பார்கள். இயந்திரத் தையலில் பெரும்பாலும் ஒரு துணி விளிம்பை உட்தளத்தில் பசையால் ஒட்டி, அதில் தைப்பார்கள். எனவே ‘வெல்ட்’ என்ற ஒரே சொல்லுக்குள்ளேயே இரண்டு தரங்கள் இருக்கின்றன.

அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருப்பதால் போலியும் இருக்கிறது. அடியைப் பசையால் மட்டும் ஒட்டிய ‘ஒட்டுச் சப்பாத்தின்’ ஓரத்தில், தையலிட்ட ஒரு பட்டியை அழகுக்காக ஒட்டிவிடுவார்கள். மச்சானிடம் சப்பாத்தைக் கவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டியின் மேலே தெரியும் தையல் அடியின் கீழேயும் தெரிந்தால் பெரும்பாலும் உண்மையானதே. கீழே தெரியாவிட்டால் உடனே ஒதுக்கிவிடவும் வேண்டாம். சில நல்ல சப்பாத்துகளில் அடித்தோலைக் கீறி, தையலை அதற்குள் மறைத்திருப்பார்கள். அப்படியானால் நிறுவனத்தின் விவரக் குறிப்பையும், அடி மாற்றித் தருவார்களா என்பதையும் பாருங்கள். நோர்தாம்ப்டன்ஷயரின் பழைய நிறுவனங்களான லோக், பார்க்கர், குரொக்கெட் அன் ஜோன்ஸ் ஆகியவை தாம் செய்த வெல்ட் சப்பாத்துகளைத் திரும்பப் பெற்றுப் புதுப்பித்துத் தருகின்றன.

எனினும், தையலைவிட மேற்தோலுக்கே நான் கூடுதல் கவனம் கொடுப்பேன். மூன்று முறை அடி மாற்றக்கூடிய சப்பாத்தின் மேற்தோல் இரண்டாம் ஆண்டிலேயே வெடித்துவிட்டால் அந்தத் தையலால் என்ன பயன்? விரல்கள் மடியும் இடத்தைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல தோலில் மெல்லிய, நெருக்கமான சுருக்கங்கள் விழுந்து, கையை எடுத்ததும் தளர்ந்துவிடும். மேற்பரப்பை உரசி, பிளாஸ்ரிக் பூச்சுப் பூசிய தோலில் பெரிய, தடித்த மடிப்புகள் விழும். கண்ணாடிபோல் ஒரே சீராக மின்னும் அந்தப் பூச்சு நாளடைவில் மடிப்பிலேயே வெடிக்கும், அதை எந்தப் பொலிஷும் சரிசெய்யாது. வெல்ட் சப்பாத்துகளிலும், குறிப்பாக மலிவான வரிசைகளில், இத்தகைய தோல் வருவதுண்டு.

அடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மட்டக்களப்பின் கல்லடியில் ஒரு திருமணத்துக்காக, மூன்று ஆண்டுகள் பெட்டிக்குள் வைத்திருந்த சப்பாத்தை நான் எடுத்து அணிந்தேன். மண்டப வாசலை அடைவதற்குள் குதிப்பகுதி ஈரக் கேக்கைப்போல் உதிர்ந்து, கறுப்புத் துகள்களாகப் படியெங்கும் கிடந்தது. மேற்தோலில் ஒரு கீறலும் இல்லை. அந்த அடி பொலியூரித்தேன். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த காற்றில் அது அணியாமலே சிதையும் பொருள். வாவிக்கும் கடலுக்கும் இடையில் வாழும் நமக்கு இது சிறிய விடயமல்ல. 14,500 ரூபாய்ச் சப்பாத்தை வாங்குவதானால் முதலில் அதன் அடி எதனாலானது என்று கேளுங்கள். லண்டன் சப்பாத்திலும் தோலடியை விடுத்து, தைத்த றப்பர் அடியையே தெரிவுசெய்யுங்கள். மாரியில் தோலடி நீரை உறிஞ்சி, விரைவில் தேயும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 14,500 ரூபாய் ஒட்டுச் சப்பாத்து ஒன்றரை ஆண்டு உழைக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆறு ஆண்டுகளில் நான்கு சோடிக்கு 58,000 ரூபாய் போகும். வெல்ட் சப்பாத்துக்கு 75,000 ரூபாயோடு அடி மாற்றும் செலவும் சேரும். ஆகவே ஒன்பது, பத்து ஆண்டுகள் உழைத்தால்தான் அதன் விலை நேராகும். அவ்வளவு காலம் உழைக்க வேண்டுமானால் அதைத் தினமும் அணியக்கூடாது. ஒரு நாள் அணிந்தால் மறுநாள் கடதாசி அடைத்துக் காற்றோட்டமான இடத்தில் ஆறவிட வேண்டும். மூடிய அலுமாரியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். இப்போது அணியும் சப்பாத்தை மழை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடி மாற்றுவதற்கு லண்டனுக்கு அனுப்பினால் கணக்கு குலைந்துவிடும். மெழுகு நூலும் குத்தூசியும் கொண்டு, பழைய துளைகள் வழியே பட்டியோடு அடியைத் தைக்கத் தெரிந்த ஒருவரை இங்கேயே முன்கூட்டித் தேடி, வெல்ட் சப்பாத்தின் படத்தைக் காட்டிப் பேசிவிடுங்கள். “ஒட்டித் தருகிறேன்” என்று மட்டுமே சொல்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

அப்படி ஒருவர் கிடைத்தால், மேற்தோலும் நன்றாக இருந்தால், மச்சானுக்குச் சம்மதம் சொல்லலாம். கிடைக்காவிட்டால், நல்ல றப்பர் அடியுள்ள உள்ளூர்ச் சப்பாத்தே உங்களுக்குப் பொருத்தம். சம்மதிப்பதற்கு முன், கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், இரண்டு பாதங்களையும் கடதாசியில் வைத்து, எழுந்து நின்றபடி ஒருவரைக் கொண்டு கோடு வரையுங்கள். செருப்போடு வளர்ந்த நம்மவர் பலருக்கு முன்பாதம் அகலம். ஆங்கிலேய நிறுவனங்கள் பலவற்றில் நடுத்தரமான ‘எஃப்’ அகலம் இறுக்கினால் ‘ஜி’ அகலம் தேவைப்படும். அந்தக் கோட்டுப் படத்தையும் நீள அகல அளவுகளையும் மச்சானுக்கு அனுப்பி, கடையில் காட்டிக் கேட்கச் சொல்லுங்கள்.