புது தோல் சாட்டை விறைப்பா இருக்கு, எப்படி பழக்குறது?
புதுசா வாங்குன புல்விப் (bullwhip, நீளமா பின்னுன தோல் சாட்டை) கம்பி மாதிரி நிக்குது, எண்ணெயில ஊறப்போடலாமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க, எண்ணெய் அதிகமானா தோல் தொளதொளன்னு ஆகி பின்னலும் தளர்ந்துரும். புது சாட்டைல விறைப்பு பெரும்பாலும் பின்னல இறுக்கமா போட்டதாலதான் வருது, அதனால அத குறையா நினைக்காதீங்க.

பழக்குறதுன்னா வீசுறதுதான், வேற குறுக்கு வழி கிடையாது. தினமும் 10, 15 நிமிஷம் புல்தரைல நின்னு மெதுவா வீசுங்க, சத்தம் வரணும்னு முழு பலத்தையும் போடாதீங்க, நுனி ஒலியோட வேகத்த, அதாவது செகண்டுக்கு சுமார் 340 மீட்டர தாண்டும்போதுதான் அந்த சத்தமே வருது, அதுக்கு பலத்தை விட டைமிங்தான் முக்கியம். கண்ணாடி, தொப்பி, முழுக்கை சட்டை கண்டிப்பா போடுங்க, கண்ணுல பட்டா போச்சு.

கைப்பிடி முடியுற இடத்துல வலுக்கட்டாயமா வளைக்காதீங்க, உள்ள இருக்குற நடுத்தண்டு சேதமாகலாம். சுருட்டும்போது அது தானா வளையுற பக்கமே பெரிய வளையமா சுருட்டி வைங்க. நுனில தொங்குற ஒத்தை வாருக்கு மட்டும் அப்பப்போ லெதர் கிரீம் தடவுங்க, தோல் பாகத்துல முதல்ல தேயுறது அதுதான், தேஞ்சா மாத்திக்கலாம். சிமெண்ட் தரைல மட்டும் அடிக்கவே அடிக்காதீங்க.